"ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஆடட்டும்!"

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. வாதி அம்மா. பிரதிவாதி என் தங்கை. நீதிபதி அப்பாதான், ஆனால் ரெட்டியார்பாளையத்தில் வண்டி ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு வருகிற நீதிபதி சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். அதனால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. "நீதான் கணக்கு படிக்கிறியே, கூட்டிக் கழிச்சு அவகிட்ட நீயே சொல்லு" என்றார் அம்மா. பி.காம். படித்தால் இப்படியெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை!

வழக்கு இதுதான். தங்கை ப்ளஸ் டூ படிக்கிறாள், வணிகவியல் பிரிவு. ஆறாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து ஆடுகிறாள். இந்த வருடம் புதுச்சேரி ஜூனியர் அணிக்கு, அதாவது 18 வயதுக்கு உட்பட்டவர்கள் அணிக்கு, தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முகாமும் அரையாண்டுப் பரீட்சையும் முட்டிக்கொள்கின்றன. பரீட்சை முடிந்தால் ரிவிஷன், அது முடிந்தால் பொதுத்தேர்வு. அம்மாவின் வாதம் ஒரே வரி. "ஆட வேணாம்னு சொல்லல. ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஆடட்டும். பந்து எங்க ஓடிப்போவுது?"

நியாயமான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. ஏனென்றால் நானே அப்படிச் செய்தவன். பள்ளி அணியில் நான் பத்தாவது வரை இருந்தேன் (பெரும்பாலும் பெஞ்சில், தண்ணி பாட்டில்களுக்குக் காவலாக). பொதுத்தேர்வு வருகிறது என்று நிறுத்தினேன். முடிந்ததும் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் கழித்துப் போய் நின்றபோது, என்னோடு பெஞ்சில் இருந்தவன் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு வளையத்துக்குக் கீழே போய்விட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நடுக்கோட்டிலேயே நின்றேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. இப்போது யாராவது கேட்டால் "நானும் ஆடியிருக்கேன்" என்று சொல்வதோடு சரி.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டேன். இடப்பக்கம் பற்று. ஷூ ஒரு ஜோடி 3,200 ரூபாய். அவள் ஆடுவது மரத்தரை இல்லை, வெயிலில் காய்கிற சிமெண்ட் தரை. எட்டு மாதத்தில் அடிப்பாகம் மழமழவென்று ஆகிவிடும். சொந்தப் பந்து 900. உழவர்கரையிலிருந்து பயிற்சிக்குப் போய் வரவும், முட்டை வாழைப்பழத்துக்கும் மாதம் 700. போன வருடம் கணுக்கால் பிசகியதற்கு 2,400. இதெல்லாம் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு, ஒரு வருடத்துக்கு. வலப்பக்கம் வரவு. மூன்று சான்றிதழ், ஒரு கோப்பை, இரண்டு டி-ஷர்ட். அம்மாவிடம் காட்டினால் கேஸ் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு பக்கக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது அல்லவா? இந்த ஆட்டத்தில் உச்சிக்குப் போனவர்களுக்கு என்ன வரவு என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். உச்சியிலேயே ஒன்றும் இல்லை என்றால் தங்கையிடம் சொல்வது சுலபம்.

கல்லூரி கேன்டீனில் பதினோரு பேரிடம் கேட்டேன். "கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருத்தர் பேர் சொல்லு." லெப்ரான் ஜேம்ஸ் ஏழு ஓட்டு, கோபி பிரையன்ட் நான்கு. "இந்தியாவில்?" மௌனம். "தமிழ்நாட்டில்? பெண்?" ஒருவன் மட்டும் பி.டி. உஷா என்றான். அதுவும் தப்பு.

சொல்லியிருக்க வேண்டிய பெயர் அனிதா பால்துரை. சென்னைக்காரர். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த வருடப் பட்டியலில் எஸ்.பி.பி.யின் பெயரும் சாலமன் பாப்பையாவின் பெயரும் இருந்ததால் நம் ஊரில் எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசினார்கள். அதே பட்டியலில் ஒரு கூடைப்பந்து வீராங்கனை இருந்தது பெரும்பாலானவர்கள் கண்ணில் படவே இல்லை. என் கண்ணிலும்தான்.

அவருடைய ஆரம்ப வருடங்களை மட்டும் எடுத்து, வயதுக்குப் பக்கத்தில் வயது வைத்து எழுதிப் பார்த்தேன். பிறந்தது 1985 ஜூன் 22. கூடைப்பந்துக்கு வந்தது 11 வயதில். 2001இல் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் சீனியர் அணியில் ஆடும்போது 16 வயது. அங்கே தொடங்கி 2017 வரை வரிசையாக ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப். ஒன்றைக்கூட விடவில்லை. அதில் 2009ஆம் வருடப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. கடைசி, 2017இல் பெங்களூரில். அதில் இந்தியா இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேல் பிரிவுக்கு ஏறியது. சீனியர் அணிக்குக் கேப்டன் ஆனபோது அவருக்கு 19 வயது. (எனக்கு 19 வயதில் ஒரு அரியர் இருந்தது. சும்மா ஒரு ஒப்பீட்டுக்குச் சொன்னேன்.)

இதை எழுதிவிட்டு நோட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. 16 வயது என்றால் ப்ளஸ் ஒன். 17 என்றால் ப்ளஸ் டூ. 19 என்றால் கல்லூரி இரண்டாம் வருடம். நம் வீடுகளில் "இப்ப படி, அப்புறம் ஆடு" என்று சொல்கிற வருடங்கள் எவையோ, அதே வருடங்களில்தான் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் அஸ்திவாரம் விழுந்திருக்கிறது. "அப்புறம்" என்பதற்கு அந்த வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கியிருந்தால், அவர் கேப்டன் ஆன வயதில்தான் பழைய மூச்சையே திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பார். பந்து ஓடிப்போகாது என்று அம்மா சொன்னது சரிதான். ஓடிப்போவது வயது.

சரி, உச்சிக்குப் போனதில் வரவு என்ன? லெப்ரானை நினைத்துக்கொண்டு கோடிகளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பெண்கள் ஆடிச் சம்பளம் வாங்கிப் பிழைக்க, வருடா வருடம் நிலையாக நடக்கிற லீக் என்று நம் நாட்டில் எதுவும் வேரூன்றவில்லை. ஆண்களுக்கு 2015இல் யூபிஏ என்று ஒன்று வந்தது. சென்னை ஸ்லாம் என்று நமக்குக்கூட ஓர் அணி இருந்தது. சில சீசனிலேயே அது நின்றுபோனது. அதனால் இங்கே ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிற நாள், கிளப்பில் ஒப்பந்தம் போடுகிற நாள் இல்லை. வேலைக்கான ஆர்டர் கையில் வருகிற நாள். ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஏதாவது ஒரு நிறுவனம் தன் அணிக்காக வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும். அனிதாவுக்கு அது தெற்கு ரயில்வே. பெண்களுக்கான தேசியச் சாம்பியன்ஷிப்பில் பல வருடமாகக் கோலோச்சுவது இந்தியன் ரயில்வே அணிதான். ஆட்டமும் ஆபீசும் ஒரே சம்பளப் பட்டியலில்!

இதைப் படித்ததும் முதலில் சப்பென்று இருந்தது. இவ்வளவு ஆடி, கடைசியில் ஒரு ரயில்வே வேலையா? இன்னொருவர் கதையைப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

அனிதா பிறந்து எட்டே நாள் கழித்து, 1985 ஜூன் 30இல், கேரளத்தில் கோட்டயம் பக்கம் பிறந்தவர் கீது அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குலம். சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி வளர்ந்தவர். அவரும் தெற்கு ரயில்வே. எட்டு நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு பேர் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரே இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார்கள். கீது 2006இல் ஆஸ்திரேலியா போய் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். அடுத்த சீசன்களுக்கும் திரும்பக் கூப்பிட்டார்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்கா போனார். உலகத்திலேயே பெரிய பெண்கள் லீக் டபிள்யூஎன்பிஏ. அதில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். மூன்றிலும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார், ஆடினார், 2014இல் அர்ஜுனா விருது வாங்கினார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். 25 வயதில் உலகத்தின் உச்சியில் போய்க் கதவைத் தட்டி, "இல்லை" என்று கேட்டுவிட்டு வருகிறவருக்குக் காலடியில் ஏதாவது தரை வேண்டாமா? அந்தத் தரைதான் ரயில்வே வேலை. அது ஆட்டத்தை விட்டதற்கு நஷ்டஈடு இல்லை. விழுந்தாலும் எழுந்து மறுநாள் ஆடலாம் என்கிற தைரியம். அனிதாவுக்கும் அதே தரைதான் பல வருடம் ஆடக் கொடுத்தது.

ஆனால் அந்தத் தரையில் ஏற வாசல் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கு எடுக்க வயது பொதுவாக 18 முதல் 25 வரை. அதிலும் சின்ன வயதில் எப்போதோ ஆடிய சான்றிதழ் செல்லாது. விண்ணப்பிக்கிற நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வருடங்களில் என்ன ஆடினாய் என்றுதான் பார்ப்பார்கள். பிறகு நேரில் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பாடத்தில் சொல்கிற மாதிரி, சான்றிதழுக்கும் தேய்மானம் உண்டு! ஒரு வருடம் நிறுத்தினால் அந்த வருடம் மட்டும் போவதில்லை, அதற்கு முன்னால் சேர்த்ததும் காலாவதி ஆகிக்கொண்டே வரும்.

"அமெரிக்காவுல எல்லாம் காலேஜ் முடிச்சுட்டுத்தானே ஆடறாங்க?" என்று என் நண்பன் கேட்டான். பெண்கள் விஷயத்தில் உண்மை. அங்கே வளர்கிற பெண்கள் பொதுவாகக் கல்லூரி முடித்து, 22 வயது வாக்கில்தான் டபிள்யூஎன்பிஏவுக்கு வருகிறார்கள். (ஆண்கள் கதை வேறு. கோபி 1996இல் 17 வயதில், லெப்ரான் 2003இல் 18 வயதில், பள்ளியிலிருந்தே நேராகப் போனார்கள். பிறகுதான் 19 வயதாவது ஆக வேண்டும் என்று விதி வந்தது.) ஆனால் அங்கே கல்லூரி என்பதே ஆடுகளம். 1972இல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் வாங்குகிற கல்வி நிறுவனங்கள் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகு பெண்களுக்கும் உதவித்தொகை, பயிற்சியாளர், உள்ளரங்கம் எல்லாம் கல்லூரிக்குள்ளேயே வந்தன. அங்கே "படி" என்றால் "ஆடாதே" என்று அர்த்தமில்லை. நம் வீட்டில் "படி" என்ற ஒரு சொல்லுக்குள் "ஆடாதே" ஒளிந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் தங்கை பக்கம் தாவிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுபக்கமும் எழுதினேன். ஓர் அணியில் இடம் பன்னிரண்டு பேருக்கு. தங்கையின் உயரம் ஐந்தடி ஐந்து. அதற்கு மேல் வளருவாள் என்று தோன்றவில்லை. பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற நார் கிழிகிற அபாயம் ஆண்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது கிழிந்தால் அறுவை சிகிச்சை, பல மாதம் ஓய்வு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங் பாமரா ஏழடிக்கு மேல் உயரம், 14 வயதில் அமெரிக்கா போனவர், 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அவருக்கே ஓர் என்பிஏ ஆட்டம்கூட வாய்க்கவில்லை. ஆக, என் தங்கை அனிதா பால்துரை ஆகிவிடுவாள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஆகமாட்டாள் என்பதற்குத்தான் சாத்தியம் மிக அதிகம்.

ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கு வித்தியாசம் இருக்கிறது. "உனக்கு இது வேண்டாம்" என்பது ஒரு தீர்ப்பு. "அப்புறம் ஆடு" என்பது தீர்ப்பு மாதிரி தெரியாத தீர்ப்பு. முதலாவதைச் சொன்னால் எதிர்த்துச் சண்டையாவது போடலாம். இரண்டாவதில் எதிர்க்க எதுவும் இருக்காது. எட்டு மாதம் கழித்து நடுக்கோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் கேஸ் என்றைக்கோ தோற்றுவிட்டது என்று தெரியும். எனக்கு யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. நானே எனக்கு "அப்புறம்" சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கடை இல்லை. மீன் குழம்புக்குப் பிறகு நோட்டை விரித்தேன். அம்மாவிடம் நேராகச் சொன்னேன். "அவ ஆட வேணாம்னு நினைச்சா ஆட வேணாம்னே சொல்லிடும்மா. ப்ளஸ் டூ முடிச்சுட்டுன்னு மட்டும் சொல்லாத. அதுக்கு அர்த்தம் வேற." பதினாறு, பத்தொன்பது என்று வயதுகளைக் காட்டினேன். ரயில்வே விதியைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு வீட்டுல பரீட்சைக்கு என்ன பண்ணாங்களாம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாதான், கண்ணை மூடிக்கொண்டே, "எதுனா பண்ணியிருப்பாங்க. நாமளும் எதுனா பண்ணுவோம்" என்றார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம்.

அந்த "எதுனா" இப்படி முடிந்தது. முகாமுக்குப் போகலாம். அணியில் இடம் கிடைத்தால் போட்டிக்கும் போகலாம். கிடைக்காவிட்டால் பொதுத்தேர்வு வரை காலையில் ஒரு மணி நேரம் மட்டும். ஆனால் அரையாண்டில் எந்தப் பாடத்திலும் கீழே போகக் கூடாது. கணக்குப்பதிவியல் டியூஷனை நிறுத்தி அந்தப் பணத்தில் ஷூ. டியூஷன் வாத்தியார் இனிமேல் நான், சம்பளம் இல்லாமல்!

முகாம் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. நம் புதுச்சேரி அணி ஒரு விசித்திரமான அணி. காரைக்கால்காரி தமிழ், மாஹேக்காரி மலையாளம், ஏனாம்காரி தெலுங்கு. மூன்று மாநிலக் கரைகளில் சிதறிக் கிடக்கிற நான்கு ஊர்ப் பெண்கள் ஒரே வளையத்தின் கீழே. பந்து கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி என்கிறாள், கையைத் தூக்குவதுதான். மாஹேப் பெண் ஒருத்தி இவளைவிட அரையடி உயரமாம், ரீபவுண்டில் கிட்டவே போக முடியவில்லையாம். இடம் கிடைக்குமா என்று கேட்டால், "தெரியல" என்கிறாள். பட்டியல் அடுத்த வாரம்.

நேற்று ராத்திரி முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். நற்பெயர் பாடம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது நற்பெயருக்கென்று பணம் கொடுத்தால் அதைச் சொத்தாகக் கணக்கில் காட்டலாம். ஆனால் ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சேர்த்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது. கணக்கியல் தரநிலை 26 அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினேன்.

"அது ஏண்ணா அப்படி? காசு குடுத்து வாங்கினா சொத்து, நாமளே கஷ்டப்பட்டு உண்டாக்கினா சொத்து இல்லையா?"

"சொத்து இல்லன்னு சொல்லல. இவ்வளவுதான்னு நம்பகமா அளக்க முடியாது. அதனால கணக்குல ஏத்த முடியாது. பரீட்சையில அப்படியே எழுது, ரெண்டு மார்க்."

எழுதிக்கொண்டாள். காலை நாலே முக்காலுக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். நான் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கத்தில் புது ஷூவை ஏற்றினேன், 3,400. வலப்பக்கம் இன்னும் அதே மூன்று சான்றிதழ், ஒரு கோப்பை, இரண்டு டி-ஷர்ட்தான். கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. இப்போதைக்கு ஆக வேண்டும் என்று நானும் அவசரப்படவில்லை.